கைர்னா பாலத்தில் எந்தப் பக்கம்?

இமயமலைமேல் முன்சியாரி அரசுப் பெண்கள் விடுதியில் வார்டன் வேலைக்கு ஹன்சாவைத் தேர்ந்தெடுத்த கடிதம் வந்ததும், அடிவாரத்து ஹல்த்வானியில் பாகுனி வீட்டில் ஒருவர் சிரித்தார், ஒருவர் அழுதார், மற்றவர்கள் லட்டு தின்றார்கள். போன வாரம் அதோடு விட்டோம். சிரித்தது யார், அழுதது யார் என்று ஹன்சா அன்றைக்கு உற்றுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தப் புதன்கிழமை இவ்வளவு குழம்பியிருக்க மாட்டாள்.

கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டு மாடி அறைக்கு அவள் வந்து ஒன்பது வருஷம். நாற்பத்தோரு வயதில் அரசு வேலை, கூடவே இரண்டு அறை குவார்ட்டர்ஸ். ஜூன் ஒன்றாம் தேதி சேர வேண்டும். வருகிறேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். ஹன்சா இன்னும் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அவள் சம்மதம் சொல்லாமலே பயண ஏற்பாடு பாதி முடிந்துவிட்டது.

ஏற்பாடு அண்ணன் உமேத் சிங்குடையது. ஹன்சாவும் தம்பியும் அவரை 'தாஜ்யூ' என்பார்கள்.

"ஹன்சிய பஸ்ல ஏத்தி அனுப்பறதா? எல்லாரும் சேர்ந்து கொண்டுபோய் விடுவோம். ஊர் ஊரா தங்கி, நாலு நாள் நிதானமா. ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல வண்டி ஓடக் கூடாது" என்று அவர் அறிவித்துவிட்டார். எட்டு பேர், ஒரு டெம்போ டிராவலர். எங்கே சாப்பாடு, எங்கே தூக்கம், யாருக்கு ஜன்னல் ஓரம் என்று முடிவு செய்யும் வேலை ஹன்சாவின் தலையில் விழுந்தது. தன்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதற்குத் தானே அறை பிடித்துக்கொண்டிருந்தாள்.

போனில் 'நிதானமாப் போலாம்' என்று ஒரு குழு வேறு. அந்தக் குழுவில் நிதானமாக இருந்தவர் ஒருவரும் இல்லை.

ருத்ரபூரில் இருக்கும் தம்பி குஷால் காலை ஆறு மணிக்கே கூப்பிட்டான்.

"தீதி, பீனாவுக்கு முன் சீட்டு. போவாலி தாண்டறதுக்குள்ள அவ வாந்தி எடுத்துடுவா."

"முன் சீட்டு தாஜ்யூவுக்குன்னு நேத்து நீதானடா சொன்ன?"

"அது நேத்து."

"சரி. கௌசானியில ஒரு நாளா, ரெண்டு நாளா?"

"ரெண்டு. இல்ல, ஒண்ணு. இரு, குழந்தைங்களக் கேட்டுச் சொல்றேன். ஆனா கரம்பானியில பக்கோடா ராய்த்தாவ மட்டும் விட்டுடாதே. அது இல்லன்னா நான் வரல."

வாந்தி எடுக்கும் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடுகு அரைத்துவிட்ட ராய்த்தாவுக்கு ஒற்றைக் காலில் நிற்கிறவனை என்ன செய்வது? ஹன்சா நோட்டில் 'பக்கோடா' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். அன்றைக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

கரம்பானி வரை யாருக்கும் சண்டை இல்லை. அடுத்து கைர்னா. அங்கே கோசி ஆற்றுப் பாலத்தில் ஏறினால் ராணிகேத், கௌசானி, பாகேஷ்வர். பாலம் ஏறாமல் நேரே போனால் அல்மோரா, சித்தயி, பேரிநாக். இரண்டு வழியும் கடைசியில் முன்சியாரிக்குத்தான் போகும். எந்தப் பக்கம் என்று டிரைவர் திவான் சிங்குக்கு இன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். கௌசானியில் பேசி வைத்த அறையை உறுதி செய்வதும் அதைப் பொறுத்துத்தான்.

"ராணிகேத் வழி" என்றார் உமேத், டீயைக் கீழே வைத்துவிட்டு. "அல்மோரா வேண்டாம்."

"ஏன் தாஜ்யூ? அல்மோராவுல பால் மிட்டாய் வாங்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சீசன் நேரம். ஒரே நெரிசல்."

"ராணிகேத்துல மட்டும் நெரிசல் இல்லையா?"

"சொன்னா கேளு ஹன்சி. அல்மோராவை வரும்போது பாத்துக்கலாம்."

"வரும்போது நான் இருக்க மாட்டேனே தாஜ்யூ."

அவர் செருப்பைக் கால் மாற்றி மாட்டினார், கழற்றினார், மறுபடி சரியாக மாட்டிக்கொண்டு தன் ஹார்ட்வேர் கடைக்குக் கிளம்பிப் போனார். ஐம்பத்துமூன்று வயது மனிதர் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கேட்டைச் சாத்தினார்.

கேட் சத்தம் கேட்டதும் சமையலறையிலிருந்து தேவகி எட்டிப் பார்த்தாள். அண்ணன் மனைவி, ஹன்சாவுக்கு போஜி. அடுப்படியிலும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் ஒன்பது வருஷமாக ஹன்சாவோடு சரிக்குச் சரி நின்று சண்டை போட்டவள்.

"போயாச்சா? நீ அல்மோரா வழின்னு போடு."

"அவர் வேண்டாம்னுட்டாரே போஜி."

"அவர் கெடக்கறார். சித்தயி கோவில்ல அஞ்சு நிமிஷம் நிறுத்தினா எனக்குப் போதும்."

"சித்தயியில என்ன?"

"என்னன்னு ஒரு கேள்வியா? கோலு தேவதாவக் கும்பிடாம வீட்டு ஆள மேல அனுப்பறதா?"

"கோலு தேவதா கோராக்கால்ல இருக்காரே. போவாலிக்குப் பக்கத்துலயே. எந்த வழியில போனாலும் வரும்."

"அது வேற. சித்தயிதான்."

"அதுவும் அதே சாமிதானே போஜி?"

"கேள்வி கேக்காம எழுது. இல்லன்னா வண்டியில எனக்கு இடமே போடாதே, நான் பின்னாடி பஸ்ல வரேன்."

ஹன்சா 'அல்மோரா' என்று எழுதினாள். அடித்தாள். 'ராணிகேத்' என்று எழுதினாள். அதையும் அடித்தாள். நிதானமான பயணத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தவளுக்குப் பதினோரு மணிக்கே தலைவலி வந்துவிட்டது. புருஷன் ஒரு ஊருக்குப் போகவே கூடாது என்கிறார், பெண்டாட்டி அந்த ஊருக்குப் போகாமல் தீராது என்கிறாள். இரண்டு பேரும் காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

மத்தியானம் பட் என்கிற கறுப்பு சோயாப் பருப்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, பயணத்துக்குக் கம்பளி எடுக்கலாமென்று அண்ணன் கட்டிலுக்கு அடியில் இருந்த இரும்புப் பெட்டியை இழுத்தாள். ஹல்த்வானியில் வெயில் மண்டையைப் பிளக்கிற மே மாதத்தில் அந்தப் பெட்டியை யாரும் திறக்கமாட்டார்கள். இரண்டு ரஜாய்ப் போர்வைகளுக்கு நடுவில் மப்ளரில் சுற்றிய ஏதோ ஒன்று கனமாகக் கைக்குத் தட்டுப்பட்டது.

பிரித்தாள். பித்தளை மணி. புத்தம் புதுசு, இரண்டு கிலோ இருக்கும். சத்தம் வராமலிருக்க உள்ளே துணி திணித்திருந்தது. விளிம்பில் 'பாகுனி குடும்பம், ஹல்த்வானி' என்று வெட்டியிருந்தது. ஆள் பெயர் இல்லை.

குமாவூன் மலைக்காரர்கள் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. குறை இருந்தால் முத்திரைத்தாளில் கோலு தேவதாவுக்கு மனு எழுதிச் சித்தயியில் கட்டுவார்கள். கேட்டது நடந்தால் போய் மணி கட்டுவார்கள். மணி வாங்கியாயிற்று என்றால் இந்த வீட்டில் யாரோ எதையோ கேட்டிருக்கிறார்கள், அது நடந்துவிட்டது.

இந்த வீட்டில் அப்படி என்ன நடந்துவிட்டது? ஹன்சா தரையில் உட்கார்ந்து யோசித்தாள். குஷாலுக்குப் பதவி உயர்வு வரவில்லை. டேராடூனில் படிக்கும் அண்ணன் மகள் இன்னும் பரீட்சையே எழுதவில்லை. போஜியின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. இந்த வருஷம் நடந்தது ஒன்றே ஒன்று. ஹன்சா இந்த வீட்டை விட்டுப் போகப் போகிறாள்.

வேலை கேட்டு அவள் மனுப் போடவில்லை. அப்படியானால் அவள் தொலைய வேண்டும் என்று வேறு யாரோ போட்டிருக்கிறார்கள். நாலு நாள் பயணம், ஜன்னல் சீட்டு, பக்கோடா எல்லாம் அன்பாக வழியனுப்பவா, இல்லை கழித்துக்கட்டவா? அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

யாரோ என்ன யாரோ! சித்தயியில் அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொன்னது யார்?

மப்ளரைத் தோளில் போட்டு, மணியைத் தூக்கிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனாள். முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"போஜி, சித்தயியில என்ன கட்டப் போறீங்க?"

தேவகியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. நானே பாத்துட்டேன்."

"பாத்தியா? நான் இன்னும் எழுதவே இல்லையே, என்னத்தப் பாத்தே?"

ஹன்சாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மணியை எடுத்து ஆட்டா டப்பாவுக்குப் பக்கத்தில் ணங்கென்று வைத்தாள்.

தேவகி மணியைப் பார்த்தாள், ஹன்சாவைப் பார்த்தாள், மறுபடியும் மணியைப் பார்த்தாள்.

"இது யாருது?"

"நடிக்காதீங்க."

"அட, உன்னுதுதானே? வேலை கெடச்சது உனக்குத்தானே? கமுக்கமா மனுப் போட்டு, கமுக்கமா மணியும் வாங்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லாம என்னைக் கேள்வி கேக்கறியா?"

"நான் எதுக்குப் போடறேன்? நான் போனாப் போதும்னு வேண்டிக்கிட்டது நீங்கதான். ஒன்பது வருஷமா அதுதானே வேணும் உங்களுக்கு?"

"நானா? நானாடி?" தேவகியின் குரல் கீச்சென்று மேலே போனது. "உனக்குத் தட்டுல போட்ட கைய..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். ஹன்சாவின் தோளில் தொங்கிய மப்ளரை எட்டிப் பிடுங்கினாள். பழுப்பு மப்ளர், ஒரு முனையில் பச்சை நூலால் தைத்த கிழிசல்.

"இது இங்க எப்படி வந்தது?"

"இதுலதான் சுத்தி வச்சிருந்தது."

"இது அவர் மப்ளர். கடையில வச்சிருப்பார். எலி கடிச்சுதுன்னு குடுத்தனுப்பினார், நான்தான் தச்சேன்." தேவகி அடுப்பை அணைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்கிட்ட கேக்காதே. கடைக்குப் போய்க் கேளு."

தாஜ்யூவா? ஹன்சாவுக்கு நம்ப முடியவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கேள்வி ஒன்றும் கேட்காமல் ஜீப் எடுத்துக்கொண்டு வந்து, அவள் பெட்டியைத் தானே தூக்கி வைத்துக் கூட்டி வந்தவர் அவர். இந்த வீட்டில் அவளுக்கு யார் மேலாவது சந்தேகமே வந்ததில்லை என்றால் அது தாஜ்யூ மேல்தான்.

மப்ளரை எடுத்துக்கொண்டு மூன்று மணி வெயிலில் ஈ-ரிக்‌ஷா பிடித்துக் கடைக்குப் போனாள். உமேத் ஒரு கிழவருக்குக் குழாய்க்கு வாஷர் காட்டிக்கொண்டிருந்தார். தங்கையின் கையில் மப்ளரைப் பார்த்ததும் கிழவருக்கு வாஷருக்குப் பதில் கதவுக் கீலை எடுத்துக் கொடுத்தார்.

"இது கீல்" என்றார் கிழவர்.

"ஆமா. நாளைக்கு வாங்க சாச்சா."

கிழவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். கடையில் அண்ணனும் தங்கையும் மட்டும்.

"நீங்களா தாஜ்யூ?"

உமேத் மறுக்கவில்லை. அது அவள் எதிர்பார்க்காதது. மறுப்பார், ஏதாவது கதை சொல்வார், தான் நம்பிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"நவம்பர்ல" என்றார். "தண்ணித் தொட்டிச் சண்டை ஞாபகம் இருக்கா? பதினோரு நாள் நீங்க ரெண்டு பேரும் பேசிக்கல. 'உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க', 'உங்க பெண்டாட்டிகிட்ட சொல்லுங்க'ன்னு மாடிக்கும் கீழுக்கும் நடந்தது நான். சரக்கு விஷயமா அல்மோரா தாண்டிப் போனேன். வண்டிய நிறுத்தச் சொல்லி சித்தயியில இறங்கி எழுதிக் கட்டிட்டேன்."

"என்னன்னு எழுதினீங்க?"

"என் தங்கச்சிக்கு ஒரு வேலை குடு. அவளுக்குன்னு ஒரு வீடு குடு."

"எனக்காகக் கேட்டீங்களா, உங்களுக்காகக் கேட்டீங்களா?"

உமேத் அளவு டேப்பை நீட்டினார், விட்டார். அது சரக்கென்று உள்ளே ஓடியது.

"ரெண்டும்தான்."

ஹன்சா மப்ளரை மடித்துக் கல்லாமேல் வைத்தாள்.

"எனக்குப் பொய் சொல்ல வரல ஹன்சி. நீ யார் வீட்டு மாடியிலயும் இல்லாம தலை நிமிந்து நிக்கணும்னு கேட்டேன். எனக்கு வீட்டுல கொஞ்சம் நிம்மதி வேணும்னும் கேட்டேன். எத முதல்ல நெனச்சேன்னு மட்டும் கேக்காதே. அதான் போகும்போது ராணிகேத் வழின்னேன். உன்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அந்த மணியக் கட்ட எனக்கு முகம் இல்ல. உன்னை விட்டுட்டுத் திரும்பும்போது கட்டலாம்னு இருந்தேன்."

உனக்காகத்தான் என்று மட்டும் சொல்லியிருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பாள். எனக்காகத்தான் என்று மட்டும் சொல்லியிருந்தால் இன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பாள். ரெண்டும் என்கிற மனிதரை என்ன செய்வது? கோபம் வந்தது, அது முழுசாக வரவில்லை. அண்ணன் மேல் பாசமும் வந்தது, அதுவும் பாதியில் நின்றது.

"மணி வாங்கிட்டீங்க. நான் போறேன்னு இன்னும் பதிலே அனுப்பலையே தாஜ்யூ."

உமேத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அனுப்பலையா? ஏன்?"

"தெரியல."

"தெரியலன்னா என்ன அர்த்தம்? வெள்ளிக்கிழமை கடைசி நாளாச்சே! எட்டுப் பேருக்கு வண்டி பேசியிருக்கேன், கௌசானியில அறைக்குச் சொல்லியிருக்கேன்..."

"அறைக்குச் சொன்னது நான்தான்" என்று சொல்லிவிட்டு ஹன்சா வெளியே வந்தாள். ரிக்‌ஷா பிடிக்கத் தோன்றாமல் பாதி தூரம் நடந்தே வந்தாள். வழியில் தள்ளுவண்டியில் காஃபல் பழம் விற்றார்கள். போஜிக்குப் பிடிக்கும் என்று கால் கிலோ வாங்கிவிட்டு, எதற்கு வாங்கினோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது தேவகி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு முத்திரைத்தாள், பேனா, மூக்குக் கண்ணாடி. காஃபல் பொட்டலத்தைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். தாங்க்ஸ் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"ஒத்துக்கிட்டாரா?"

"ம்."

"தெரியும். உட்காரு. எனக்கு ஒண்ணு எழுதிக் குடு. என் எழுத்து எனக்கே படிக்க வராது."

ஹன்சாவுக்கு வாதாட உடம்பில் தெம்பு இல்லை. உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். தேவகி ஒரு பழத்தை வாயில் போட்டுக் கொட்டையைத் துப்பிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

"'நியாயம் வழங்கும் கோலு தேவதாவுக்கு ஹல்த்வானி தேவகி பாகுனி எழுதிக்கொள்வது.' எழுதினியா? 'என் நாத்தனார் ஹன்சாவுக்கு முன்சியாரியில கெடச்ச வேலைய...'"

"வேலைய?"

"'ரத்து பண்ணணும்.'"

பேனா நின்றது.

"எழுது. 'அதுக்குப் பதிலா ஹல்த்வானியிலேயே அவளுக்கு ஒரு வேலை குடுக்கணும். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடற மாதிரி.'"

"போஜி, உங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா? மாடிய எப்ப காலி பண்ணுவேன்னு தீபாவளிக்குக்கூட கேட்டவங்க நீங்க!"

"கேட்டேன். காலி பண்ணிட்டா என்ன பண்றதுன்னு யோசிச்சேனா?" தேவகி கண்ணாடியைக் கழற்றினாள். "பொண்ணு டேராடூன்ல. இந்த மனுஷன் காலைல போனா ராத்திரிதான் வரார். வந்து வாயத் தொறந்தா ஆணி, இல்லன்னா தாழ்ப்பாள். நீயும் போயிட்டா நான் யாரோடடி சண்டை போடறது? சுவத்தோடயா?"

ஹன்சாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒன்பது வருஷமாக எதிரி என்று நினைத்தவள் பிடித்து வைத்துக்கொள்கிறாள். தெய்வம் என்று நினைத்தவர் மணி வாங்கி வைத்திருக்கிறார். யாரைக் கட்டிக்கொள்வது, யாரை உதறுவது என்று ஒன்றும் விளங்கவில்லை.

"அவர் போக வைங்கிறார், நீங்க நிறுத்துங்கிறீங்க" என்றாள். "எனக்கு என்ன வேணும்னு உங்கள்ள யாராவது ஒருத்தர் கேட்டீங்களா?"

தேவகி இன்னொரு பழத்தை எடுத்துக்கொண்டாள். "நியாயம்தான். கேக்கறேன். சொல்லு, உனக்கு என்ன வேணும்?"

ஒன்பது வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி. சாவி தன் கையில் இருக்கும் இரண்டு அறை வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த இரண்டு அறையில் 'தண்ணிய யாரு தொறந்து விட்டது?' என்று கத்த ஆள் இருக்காது என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. பேனாவை மூடினாள், திறந்தாள்.

"தெரியலையா?"

ஹன்சா தலையை ஆட்டினாள்.

"அப்போ வெள்ளிக்கிழமைக்குள்ள தெரிஞ்சுக்கோ. எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். அத எழுது."

ஹன்சா எழுதினாள். மேலே தன் பெயர், நடுவில் தன் வேலை, அதற்கு நேராக 'ரத்து' என்று தெளிவாக, குண்டு குண்டாக, தன் கையாலேயே எழுதினாள். தேவகி கீழே கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டு, தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் ஹன்சாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த வீட்டில் யார் கேட்டதையும் கோலு தேவதா இதுவரை இல்லை என்று சொன்னதே கிடையாது.